பெரியாற்றைத் திருப்பிய பெருந்தகை

மழையை நம்பி வாழும் வறண்ட பூமி நம்முடையது. ஆகலின், கோயில் திருப்பணியோடு ஊருணி வெட்டுதலையும் நம் நகரத்தார் முன்னோர் பேரறமாகக் கொண்டனர். பர்மாவிலும் இலங்கையிலும் அவர் ஈட்டிய பொருளில் ஒரு பகுதி இவ்வூர்களில் நீராக நின்றது. அவ்வழி வந்த நாம், நீரறம் புரிந்தார் எக்குலத்தவராயினும் எந்நாட்டவராயினும் அவரை நினைத்தல் கடன். அத்தகையோருள் ஒருவர் ஜான் பென்னிகுயிக் என்னும் ஆங்கில இஞ்சினீயர்.

இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-இல் புனாவில் பிறந்தவர். 1849 ஜனவரி 13-இல் நிகழ்ந்த சில்லியன்வாலாப் போரில் இவர்தம் தந்தையாரும், பதினேழு வயதுத் தமையனாரும் ஒரே நாளில் மாண்டனர். அன்று இவருக்கு எட்டாண்டு நிறைய இரண்டு நாட்களே குறைந்திருந்தன. தந்தையை விழுங்கிய இந்நாட்டிற்கே 1860-இல் இராணுவ இஞ்சினீயராக இவர் மீண்டும் வந்தார். 1879-இல் கிரேஸ் ஜார்ஜியானா என்னும் அம்மையாரை மணந்து, ஒரு மகனுக்கும் ஐந்து பெண்மக்களுக்கும் தந்தையானார்.

நிற்க. மேற்கே ஓடிக் கடலில் வீழும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாகாதோ என்னும் எண்ணம் புதியதன்று. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-இலேயே அதனை ஆராய்ந்தார். பொருளின்மையால் அது கைகூடவில்லை. தாது வருஷப் பஞ்சம் பல்லாயிரவரைக் கொன்ற பின்னரே சர்க்கார் அவ்வெண்ணத்தை மீண்டும் மேற்கொண்டது. பென்னிகுயிக் வகுத்த திட்டப்படி 1887-இல் வேலை தொடங்கிற்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தினால் அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம் அமைந்தது. அதன் வழியே நீர் இறங்கிச் சுருளியாற்றோடு வையையை அடைந்தது. இடையே வெள்ளம் தடுப்புகளைப் பன்முறை அடித்துச் சென்றது. காய்ச்சல் நூற்றுக்கணக்கானோரை மாய்த்தது. 1895 அக்டோபர் 10-இல் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்தார்.

தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அவர் அணையை முடித்தார் என்பது மக்கள் வழக்கு. அணைக்குச் செலவான பணமோ சர்க்கார் பணம். ஆயினும் அவ்வழக்கை யாம் இகழோம். குடியானவர் தம் நன்றியைக் கதையாக்கி வைத்தனர். அவர் மெய்யாக ஈந்தது தம் நாற்பத்தாறாம் வயது முதல் ஐம்பத்து நான்காம் வயது வரையுள்ள காலம். பொருளை மீண்டும் ஈட்டலாம்; சிறு குழந்தைகளின் தந்தை காட்டில் கழித்த ஆண்டுகளை எவர் மீட்டுத் தருவார்? தந்தையின்றி வளர்ந்தவர்க்கு அதன் விலை தெரியாததன்று.

அவர் 1911 மார்ச் 9-இல் இங்கிலாந்தில் காலமானார். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகின்றனர். அவர் பிறந்த நாளில் பொங்கலிடுகின்றனர். நம் மாவட்டத்தில் ஒரு பகுதி வயல்களும் அந்நீரை உண்பன.

அன்பர்களே! நம் ஊருணிக் கற்களில் வெட்டுவித்தார் பெயர் உண்டு; மண் சுமந்தார் பெயர் இல்லை. பெரியாற்றிலும் காய்ச்சலில் மாண்ட கூலியாட்களின் பெயரை ஊர் அறியாது. இருசாராரையும் நினைத்தற்கு வழி ஒன்றே: பெயர்க்கல் நிற்க நீர் வற்றிய ஊருணிகளைத் தூர் வாருவோம். நீர் நிற்கும் இடத்திலேதான் நன்றியும் நிற்கும்.