வெட்டுப்பட்ட கால் பங்கு

‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் 1993-ல் வந்த ஒரு எபிசோடில் ஹோமர் சிம்ப்ஸன் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். அங்கே மூன்று பெரிய தொட்டிகள். ஒன்றில் ‘டஃப்’, அடுத்ததில் ‘டஃப் லைட்’, மூன்றாவதில் ‘டஃப் டிரை’ என்று எழுதியிருக்கும். சற்று மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பீர் வந்துகொண்டிருக்கும். பெயர் மூன்று, சரக்கு ஒன்று. இதைச் சொல்ல வசனமே கிடையாது. படத்தின் மேல் ஓரத்தில் ஓடும் அந்தக் குழாய்தான் மொத்த நகைச்சுவையும்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனல் இத்தொடரின் 552 எபிசோடுகளையும் 12 நாள் இடைவிடாமல் ஒளிபரப்பியது. அதில் தொட்டிகள் இருந்தன, குழாயைக் காணோம். 4:3 அளவில் வரையப்பட்ட படத்தை 16:9 திரையில் நிரப்புவதற்காக மேலும் கீழும் நறுக்கியிருந்தார்கள். கணக்கு எளிது: அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 4:3 படத்தை 16:9 ஆக்கினால், உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். போகிற கால் பங்கில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த அளவுச் சண்டைக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட பூர்வீகம் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வில்லியம் டிக்சன், 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு பிரேமுக்கு நான்கு துளை என்று முடிவு செய்தார். அதில் விழுந்த படம் அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற வடிவில் இருந்தது. ஊமைப்படக் காலம் முழுக்க அதுவே வழக்கம். பேசும் படம் வந்தபோது ஃபிலிமின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம்விட வேண்டியிருந்தது. அப்போதும் வடிவம் பெரிதாக மாறவில்லை. டெலிவிஷன் பிறந்தபோது சினிமாவின் இந்தச் சட்டத்தையே தனக்கும் வைத்துக்கொண்டது.

பிறகு இரண்டும் போட்டியாளர்களாயின. 1950-களில் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிட, தியேட்டர்கள் காற்று வாங்கின. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் ஹாலிவுட் திரையை அகலமாக்கியது. 1953-ல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழுக்கு அது வந்து சேர்ந்தது 1973-ல், ‘ராஜராஜ சோழன்’ படத்தில்.

அகலமான படங்களும் ஒருநாள் டிவிக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்தன, பக்கவாட்டில் வெட்டுப்பட்டு. ‘பேன் அண்ட் ஸ்கேன்’ என்று அந்த வேலைக்குப் பெயர். இரண்டு பேர் இரு கோடியில் நின்று பேசும் காட்சியில், யார் பேசுகிறாரோ அவர் பக்கம் சட்டத்தை நகர்த்துவார்கள். மற்றவரின் முகபாவம் போயே போயிற்று. இயக்குநர்கள் பல ஆண்டுகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

1980-களில், வரவிருந்த உயர்தெளிவு டிவிக்கு எந்த வடிவம் வைப்பது என்று அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தில் விவாதம் நடந்தது. கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்திலிருந்த எல்லாத் திரை வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மையம் பொருந்த அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் அமைந்தன: 1.77-க்கு 1. அதுதான் 16:9 ஆயிற்று. எந்தப் படத்துக்கும் முழுதாகப் பொருந்தாத, எதையும் அதிகம் புண்படுத்தாத சமரசம் அது. சினிமாக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதற்குள் நாற்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்திருந்த 4:3 நிகழ்ச்சிகளை யாரும் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2000-களில் தட்டையான அகல டிவிகள் வீட்டுச் சுவர்களில் ஏறியதும் இரு பக்கக் கறுப்புப் பட்டைகள் மக்கள் கண்ணை உறுத்தத் தொடங்கின. காசு கொடுத்து வாங்கிய திரையில் கால் பங்கு சும்மா கிடப்பதா? பலர் ரிமோட்டை அழுத்திப் படத்தை இழுத்து நிரப்பினார்கள். முகங்கள் எல்லாம் உப்பிப்போயின. டிஸ்க் வெளியிடும் நிறுவனங்கள் அதைவிட நாசூக்கான வழியைத் தேடின. 1970-களின் ‘குங் ஃபூ’ தொடரின் முதல் சீசன் 2004-ல் டிவிடியாக வந்தபோது மேலும் கீழும் வெட்டியே வந்தது. ரசிகர்கள் போட்ட சத்தத்தில் அடுத்த சீசன்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பின.

வீடியோ டேப்பில் எடுத்த நிகழ்ச்சிக்கு வெட்டுவதைத் தவிர வழியில்லை. டேப்பில் இருப்பது அவ்வளவுதான். ஃபிலிமில் எடுத்தவற்றின் கதை வேறு. 1951-ல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடரை ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் மூன்று கேமராக்களை வைத்து 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார். அந்த வழக்கம் அமெரிக்க டிவியில் நிலைத்தது. ஃபிலிமில் பதிந்தது முழுவதும் ஒளிபரப்பாவதும் இல்லை. ஒலித்தடத்துக்கென ஒரு ஓரம் ஒதுக்கப்படும். பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால், ஒளிப்பதிவாளர்கள் வியூஃபைண்டரில் கோடு போட்டு அதற்குள்ளேயே நடிகர்களை நிறுத்துவார்கள். 1980-களின் பிற்பகுதியில், பிரேமுக்கு நான்கு துளைக்குப் பதில் மூன்று துளை போதும் என்ற முறையும் வந்தது. ஃபிலிம் செலவில் கால் பங்கு மிச்சம். தற்செயலாக அந்த பிரேம் 16:9 வடிவத்தை ஒட்டியும் இருந்தது.

ஆக, நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் பக்கவாட்டில் கொஞ்சம் திறந்துவிடலாம். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் 236 எபிசோடுகளும் நெகட்டிவிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்யப்பட்டு 2012-ல் அகல வடிவ ப்ளூ-ரேயாக வந்தன. படம் பளிச்சென்று இருந்தது. கூடவே, யாரும் பார்க்கக் கூடாது என்று ஒதுக்கிய ஓரங்களும் வந்து சேர்ந்தன. செட் சுவர் முடியும் இடம் தெரிந்தது. மோனிகா இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குப் பதிலாக நிற்கும் வேறொரு பெண் ஒரு ஷாட்டில் எட்டிப் பார்த்தார். 4:3 சட்டத்தில் அவர் வெளியே இருந்தார். அந்தத் தைரியத்தில்தான் அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

‘ஸைன்ஃபெல்ட்’ தொடருக்கு நேர்ந்தது வேறு. பக்கவாட்டில் கொஞ்சம் கிடைத்தது, மேலும் கீழும் கணிசமாகப் போயிற்று. 1997-ல் வந்த ‘தி பாட்ஹோல்’ எபிசோடில் ஜார்ஜ் சாலைப் பள்ளத்தில் சாவியைத் தொலைத்துவிடுகிறான். எபிசோடின் பெயரே அந்தப் பள்ளம்தான். 2021 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்த பிரதியில் ஜார்ஜ் குனிந்து தரையைப் பார்க்கிறான், பள்ளம் மட்டும் திரைக்குக் கீழே போய்விட்டது.

‘பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்’ பட்ட பாடு இதைவிட மோசம். 2014-ல் எச்டி வடிவத்தில் ஒளிபரப்பானபோது விளக்குகளும் படப்பிடிப்புக் குழுவினரும் ஓரத்தில் தெரிந்தார்கள். சட்டத்தோடு போகாமல் நிறத்திலும் பிசகு நடந்தது. பகலில் எடுத்து, பிறகு டேப்பில் நிறம் மாற்றி இரவாக்கிய காட்சிகள் உண்டு. நெகட்டிவிலிருந்து புதிதாகத் தொடங்கியவர்கள் அந்தக் கடைசிப் படியை மறந்துவிட, வெயில் பட்டால் சாம்பலாகும் ரத்தக்காட்டேரிகள் பட்டப்பகல் வெளிச்சத்தில் உலவின. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன், இது 4:3-க்காகவே அமைக்கப்பட்ட படம் என்று டிவிடி காலத்திலிருந்தே சொல்லிவந்தவர்.

உருவாக்கியவரைக் கேட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘தி வயர்’ உதாரணம். பால்டிமோர் நகரின் போதை வியாபாரத்தையும் காவல்துறையையும் துறைமுகத்தையும் பற்றிய 60 எபிசோடுகள், 2002 முதல் 2008 வரை எச்பிஓவில் வந்தவை. அகலத் திரை பரவிக்கொண்டிருந்த காலத்திலும் தயாரிப்பாளர்கள் கடைசிவரை 4:3-ஐ விடவில்லை. அதன் காட்சி மொழியை வகுத்தவர்களில் முக்கியமானவரான ராபர்ட் கோல்ஸ்பெரி 2004-லேயே காலமாகிவிட்டார். 2014-ல் எச்பிஓ அகல வடிவத்தை அறிவித்தபோது, தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ஒளிபரப்பு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. சைமன் காட்சிகளைப் பார்த்துத் திருத்தம் சொன்னார்.

பிறகு அவர் இதைப் பற்றி விரிவாக எழுதியபோது ஒரே பக்கம் சாயவில்லை. இரண்டாம் சீசனில் கப்பல் சரக்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பெண்ணின் சடலத்தைச் சுற்றித் துறைமுகத் தொழிலாளர்கள் கூடி நிற்கும் காட்சி அகலத்தில் வலுப்பெற்றது என்றார். இன்னும் பல தொழிலாளர்களின் முகங்கள் சட்டத்துக்குள் வந்தன. முதல் எபிசோடில் வேறு கதை. காருக்குள் தொழில் பேசாதே என்று போதைக் கும்பலின் வீ-பே, கூட்டாளி டி’ஆஞ்சலோவுக்குப் பாடம் நடத்துகிறான். இருவரும் இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடை எதிரே, பொதுத் தொலைபேசி அருகே நின்று பேசுகிறார்கள். நெருக்கமான சட்டத்தில் இருந்த அந்தப் பேச்சின் இறுக்கம் அகலத்தில் நெகிழ்ந்துபோனதாகச் சைமன் கருதினார். ஒரே தொடர், ஒரே கை, ஒரே நெகட்டிவ். காட்சிக்குக் காட்சி தீர்ப்பு மாறுகிறது.

மாட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரை ஃபிலிமில் எடுத்திருந்தாலும், எடிட்டிங்கும் தந்திரக் காட்சிகளும் வீடியோ டேப்பில்தான் முடிக்கப்பட்டிருந்தன. ப்ளூ-ரேக்காக 178 எபிசோடுகளின் நெகட்டிவ்களையும் தேடியெடுத்து, ஷாட் ஷாட்டாகப் பழைய எடிட்டிங்கோடு பொருத்தி, விண்கலக் காட்சிகளை மறுபடி இணைத்தார்கள். 2012 முதல் 2014 வரை சீசன்கள் வெளிவந்தன. அத்தனை வேலை பார்த்தவர்கள் சட்டத்தை மட்டும் தொடவில்லை. தொடரின் கலைப்பிரிவில் பணியாற்றிய மைக்கேல் ஒகுடா சொன்ன காரணம் எளிது: ஓரங்களைத் திறந்தால் விளக்குகளும் கருவிகளும்தான் தெரியும்.

ஆவணப்படத்தில் இந்த வெட்டு இன்னும் சிக்கலாகிறது. ‘தி வேர்ல்ட் அட் வார்’ இரண்டாம் உலகப்போர் பற்றி 1973-74-ல் பிரிட்டனின் தேம்ஸ் டெலிவிஷன் தயாரித்த 26 பகுதித் தொடர்; ஜெரமி ஐசக்ஸ் தயாரிப்பில், லாரன்ஸ் ஒலிவியே குரலில் வந்தது. அதன் பெரும்பகுதி போர்க்களத்தில் கேமராமேன்கள் எடுத்த பழைய ஃபிலிம். 2010-ல் வந்த மறுசீரமைப்புப் பதிப்பு அதை 16:9-க்கு வெட்டியது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டவில்லை. ஷாட்டுக்கு ஷாட் மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் சட்டத்தை வைத்தார்கள். இருந்தாலும் வெட்டுப்பட்டது ஓர் இயக்குநரின் கற்பனையன்று, நடந்த சம்பவத்தின் சாட்சியம். 2016-ல் பிரிட்டனில் அத்தொடர் 4:3 வடிவிலேயே ப்ளூ-ரேயாக மறுபடி வந்தது.

தமிழ் ரசிகர்கள் இந்த வெட்டைத் தியேட்டரிலேயே பார்த்திருக்கிறார்கள். பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964-ல் வந்த படம். 2012-ல் டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு சினிமாஸ்கோப்பில் வெளியாகி வாரக்கணக்கில் ஓடியது. பந்துலு அதை எடுத்தபோது தமிழில் ஸ்கோப் படமே கிடையாது.

இருபது வருடம் கழித்து வழக்கு முடிந்த தொடர் ஒன்று உண்டு: ‘பாபிலோன் 5’. 1994 முதல் 1998 வரை ஓடிய அந்த விண்வெளிக் கதையை எடுத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். நாளை அகல டிவி வரும் என்று நடிகர்கள் வரும் காட்சிகளை அகல வடிவத்துக்கும் பொருந்துமாறு ஃபிலிமில் எடுத்தார்கள். ஆனால் கணினி வரைகலைக் காட்சிகள் அன்றைய செலவுக் கணக்கில் 4:3-ல், சாதாரண டிவி தெளிவில்தான் உருவாயின. 2002 முதல் டிவிடிகள் அகல வடிவில் வந்தபோது, நடிகர்கள் ஃபிலிம் தெளிவில் தெரிய, விண்கலம் வந்தவுடன் படம் பெரிதாக்கப்பட்டு மங்கி, மேலும் கீழும் அறுபட்டது. அறையில் நிற்கும் ஆளும் ஜன்னலுக்கு வெளியே வரைகலைக் கிரகமும் ஒரே ஷாட்டில் இருந்தால், ஆளும் சேர்ந்து மங்கினார். புதிதாக வரைந்துகொள்ள அசல் கணினிக் கோப்புகளும் கைவசம் இல்லை. 2021-ல் வார்னர் நிறுவனம் ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்து, வரைகலையைத் தெளிவேற்றி, மொத்தத் தொடரையும் 4:3-க்கே திருப்பிக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் அதே வடிவில் ப்ளூ-ரேயும் வந்தது. ‘சிம்ப்ஸன்ஸ்’ அதற்கு முன்பே வழிக்கு வந்துவிட்டது. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பரில் அதே வெட்டிய பிரதியோடு தொடங்கி, ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 2020 மே மாதத்தில் எந்த வடிவம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டனை வைத்தது.