வலைக்குப் பின் வந்த உத்தியோகம்

பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில், செங்கல் ஒன்றைக்கூட எடுத்து வைக்காமல், தலைக்கவசம் தரித்துக் குறிப்புப் புத்தகமும் கையுமாகச் சாரத்துக்குச் சாரம் பார்த்துக்கொண்டு போகும் பாதுகாப்பு அதிகாரியைக் கண்டு, இவருக்கு இங்கே என்ன ஜோலி என்று மேஸ்திரிமார் முணுமுணுப்பது உண்டு. கட்டடத் தொழிலின் வயதோடு ஒப்பிட்டால் இந்த உத்தியோகம் நேற்றுப் பிறந்ததுதான். ஏறக்குறைய 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி, வீடு இடிந்து அதன் சொந்தக்காரன் மாண்டால் கட்டினவனுக்கு மரண தண்டனை என்று விதித்தான். கட்டும்போதே விழுந்து சாகிற கூலியாளைப் பற்றி அந்தப் பிரிவுகளில் பேச்சே இல்லை.

ஸ்காட்லாந்தில் 1882 முதல் 1890 வரை நிர்மாணமான போர்த் ரயில் பாலத்தில், விழுகிறவர்களைக் கரை சேர்க்கக் கீழே படகுகளை நிறுத்தி வைத்தார்கள். அவை எட்டுப் பேரைக் காப்பாற்றின. மாண்டவர் தொகையோ 57 என்றே வெகுகாலம் சொல்லப்பட்டு, பின்னால் ஆராய்ந்தவர்களால் 73 என்று திருத்தப்பட்டது. செத்தவர்களைச் சரியாக எண்ணுவதுகூட அக்காலத்தில் எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை போலும்.

அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் செலவாகும் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பது பாலம் கட்டுவோரிடையே சகஜமாக வழங்கிய கணக்கு. 1933 ஜனவரியில் ஸான்பிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தொடங்கிய தலைமை இஞ்சினியர் ஜோஸப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல், அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றும், உயரத்தில் வித்தை காட்டுபவனுக்கு அன்றோடு வேலை போகும் என்றும் உத்தரவிட்டதோடு, ஒரு லட்சத்து முப்பதினாயிரம் டாலருக்கு மேல் செலவிட்டு, பாலத்தின் அகலத்தையும் மிஞ்சி இருபுறமும் நீண்ட கயிற்று வலையொன்றைத் தளத்தின் கீழே கட்டுவித்தார். அதில் விழுந்து பிழைத்த 19 பேர், தங்களை ‘நரகத்துக்குப் பாதிவழிச் சங்கத்தார்’ என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். வலை இருக்கிற தைரியத்தில் வேலையும் துரிதப்பட்டதாகச் சொல்வார்கள். கருணை லாபத்துக்கு விரோதமல்ல என்பது முதலாளிகளுக்குச் சற்றுத் தாமதமாகவே புரிகிறது.

1936 அக்டோபர் வரை ஒரு பிராணனும் போகவில்லை. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று, பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களைத் தாங்கிய ஏறக்குறைய ஐந்து டன் கனமுள்ள தொங்கு சாரம் பிடி விட்டு விழுந்து, வலையையும் கிழித்துக்கொண்டு கடலுக்குள் போயிற்று. பத்துப் பேர் மாண்டார்கள். வலை மனிதனைத் தாங்கும், சாரத்தைத் தாங்காது. சாரத்தின் பிடிமானம் உறுதியாக இருக்கிறதா என்று ஆள் ஏறுவதற்கு முன்பே சோதித்து, இல்லையென்றால் ‘ஏறாதே’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவன் வேண்டும். பாதுகாப்பு அதிகாரியின் மெய்யான வேலை அதுவே. வலை கட்டுவதும் தலைக்கவசம் கொடுப்பதும் அதற்கு அடுத்தபடிதான் என்பது என் அபிப்பிராயம்.

நம் தேசத்தில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை 1976இல் திருத்தியபோது, ஆயிரம் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைக்கு இந்த அதிகாரி வந்து சேர்ந்தார். மதில் சூழ்ந்த ஆலையில் ஆட்கள் நிலையாக இருந்தார்கள். கொத்தனாரும் சித்தாளுமோ இன்று ஒரு காண்டிராக்டரிடமும் நாளை வேறொருவரிடமுமாக ஊர் ஊராய்ப் போகிறவர்களாதலால், அவர்களுக்கு முதலாளி யார் என்பதையே சட்டத்தால் சுலபத்தில் பிடிக்க முடியவில்லை. 1985இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த பிரசாரக் குழு வருஷக்கணக்காகக் கிளர்ச்சி செய்த பிறகு, 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழுவும் அதிகாரியும் வேண்டும் என்றது அது. 2020ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பு கட்டட வேலைக்கு அதிகாரி தேவைப்படும் எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது.

அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவர் தட்டிக்கேட்க வேண்டியவரும் ஒருவரே என்பது இந்த ஏற்பாட்டின் பிறவிக் குறை. மேலும், நம் தெருக்களில் எழும்பும் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளில் இருபது பேர் சேர்ந்து வேலை செய்வதே அபூர்வம். அங்கே சவுக்குக் கம்பும் கயிறும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற பொறுப்பு, பழைய வழக்கப்படியே, மேஸ்திரியின் தலையில் இருக்கிறது.