பெயரேட்டில் இல்லாத பெருந்துயர்

போராலும் பஞ்சத்தாலும் துன்புறும் மக்களுக்கு உதவி சென்று சேர இரண்டு வழிகள் திறந்திருத்தல் வேண்டும். ஒன்று, உணவும் மருந்தும் செல்லும் வழி. மற்றொன்று, செய்தி வரும் வழி. எங்கே, யார், எத்தனை பேர் துன்புறுகின்றனர் என்பது வெளியுலகிற்குத் தெரியாவிடின், உதவ எண்ணுவோரும் செய்வதறியாது நிற்பர். செய்தி வராத இடத்திற்கு மருந்து போவதில்லை. இவ்வுண்மைக்கு மலாயாத் தமிழர் கொடுத்த விலை மிகப் பெரிது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட சயாம்–பர்மா இரயில்பாதையின் வரலாறு அதற்குச் சான்றாகும்.

தோட்டத்திலிருந்து காட்டிற்கு

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மதிப்பான நடத்தையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்காகப் பேசியவர்களுள் முதன்மையானவர் 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். அவரைக் கைது செய்து நாடு கடத்திய அரசு, துப்பாக்கி கொண்டு வேலைநிறுத்தத்தை அடக்கியது. தொழிலாளரின் குரலை வெளியே கொண்டு சென்ற வாய் இவ்வாறு அடைக்கப்பட்ட சில திங்களிலேயே போர் வந்தது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது; 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடினர். இரப்பருக்கு விலைபோகும் சந்தை இல்லை, அரிசி அரிதாயிற்று. இந்தியாவுடனான கடிதத் தொடர்பும் அறுந்தது. இந்நிலையில்தான், மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் மருத்துவமும் இலவசம் என்ற வாக்குறுதி தோட்டந்தோறும் பரவியது. பசித்திருந்தோர் அதனை நம்பினர். சென்றவர் திரும்பாமை கண்டு மற்றவர் தயங்கியபோது, கங்காணிகள் வழியாகத் தலைக்கணக்கு விதிக்கப்பட்டது. இலவசப் படக்காட்சி என்று அழைத்து, வந்தவர்களை வளைத்துப் பிடித்தனர் என்றும் உயிர் தப்பியோர் கூறியுள்ளனர். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட மக்கள் சயாமின் பான்போங் நிலையத்தில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டிற்குள் நடத்திச் செல்லப்பட்டனர்.

பொய்யான செய்தி தோட்டத்திற்கு விரைந்து வந்தது. மெய்யான செய்தி காட்டிலிருந்து திரும்பி வரவே இல்லை.

ஒரே பாதை, இரண்டு கணக்குகள்

ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முற்றுப்பெற்றது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். மாண்டவர் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் அவர்களிடம் பட்டாளத்தின் ஒழுங்கமைப்பு இருந்தது. அதிகாரிகளும் மருத்துவர்களும் உடனிருந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப் போன்றோர் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை ஜப்பான் கையொப்பமிட்டும் உறுதிசெய்யவில்லை. எனினும் போர்க்கைதி என்னும் ஒரு வகை உலகச் சட்டத்தில் இருந்தது. செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைப் பற்றிக் கேட்க முடிந்தது; குறைந்த அளவிலேனும் பொருள் அனுப்ப முடிந்தது.

தமிழ்த் தொழிலாளர்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை. தோட்டத்தில் நாள்தோறும் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டவர்கள், காட்டில் வெறும் எண்ணிக்கையாயினர். அவர்களுக்காகக் கேட்கும் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா பரவியபோது இந்த வேறுபாடு உயிரையே குடித்தது. கைதிகளின் முகாம்களில் மருத்துவர்கள் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் செய்தனர், கழிவிடங்களை ஒழுங்குபடுத்தினர். தொழிலாளர் முகாம்களிலோ இதனைத் தமிழில் எடுத்துச் சொல்லி நடைமுறைப்படுத்தும் அமைப்பு பெரும்பாலும் இல்லை. கொதித்த நீரையே குடியுங்கள் என்னும் ஒரு வாக்கியம் உரிய மொழியில், உரிய வேளையில், ஏற்கத்தக்க ஒருவர் வாயிலிருந்து வந்திருப்பின் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும். தகவல் தொடர்பு என்பது உதவிக்கு அப்பாற்பட்டதன்று. அதுவே முதல் உதவி.

போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கணக்கொன்று, மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் சுமார் 78,000 பேர் என்றும், இறந்தோர் 29,000க்கு மேற்பட்டோர் என்றும் கூறுகிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். அதே கணக்கில் 'ஓடிப்போனோர்' என 24,000க்கு மேற்பட்டோர் காட்டப்படுகின்றனர். காட்டிற்குள் ஓடியவருள் எத்தனை பேர் வீடு சேர்ந்தனர்? அக்கேள்விக்கு அந்த ஏட்டில் விடையில்லை.

காலந்தாழ்ந்து வந்த கைகள்

போர் முடிந்தபின் செய்தி வழி திறந்தது, உதவியும் வந்தது. 1946 மார்ச்சில் நேரு மலாயாவிற்கு வருகை தந்தார். அதே ஆண்டில் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழு இங்கு பணியாற்றியது. கோலாலம்பூரில் பிறந்து, ஜான்சிராணிப் படையில் சேர்ந்திருந்த ஜானகி தேவர் அக்குழுவில் இணைந்து தொண்டு செய்தார். 1949ஆம் ஆண்டில் சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தை நிறுவினார். பூச்சோங் சாலையில் அமைந்த அதன் இல்லத்தில் ஆதரவற்ற குழந்தைகள் வளர்ந்தனர்; அவர்களை அன்னை மங்களம் 2023ஆம் ஆண்டில் மறையும் வரை தாயாக இருந்து பேணினார். அதே 1949ஆம் ஆண்டில்தான் போர்க்காலத்தில் குடிமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையும் உருவாயிற்று. இவையெல்லாம் சயாமில் மாண்டவர்க்குக் காலந்தாழ்ந்தவையே.

இழப்பீட்டிலும் இதே நிலைதான். 1967ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஜப்பான் மலேசியாவிற்கு 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி மதிப்புள்ள உதவி வழங்கியது. அது கப்பல்களாக வந்தது. தனித்தனிக் குடும்பங்களுக்கென வரவில்லை. கணவனை இழந்த பெண் தன் இழப்பை மெய்ப்பிக்க எந்த ஏட்டைக் காட்டுவாள்?

நடுகல்லும் வகுப்பறையும்

காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, வயதும் உண்டு. தமிழ்த் தொழிலாளர் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டில்தான் அவர்கள் நினைவாக அந்நகரில் ஒரு நடுகல் எழுந்தது. வீரனின் பெயரும் பீடும் பொறித்துக் கல் நடுவது பழந்தமிழர் மரபு. இக்கல்லோ பெயர் அறியப்படாத பல்லாயிரவர்க்காக நிற்கிறது.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் ஏடுகள் விட்ட இடைவெளியை ஓரளவு நிரப்பின. எஞ்சிய பணி பள்ளிகளுக்குரியது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாழும் பல குடும்பங்களில் இன்றும் 'சயாமுக்குப் போனவர்' என ஒருவரைக் குறிப்பிடும் வழக்கு உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, அவர் பெயர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வருவாராயின், அன்று காட்டில் எழுதப்படாத பெயரேடு இன்று வகுப்பறையில் தொடங்கும். மாண்டவர்க்கு அது உயிர் தாராது. ஆயினும், பெயர் எழுதப்படாத மக்கள் உலகின் கண்ணிலிருந்து எவ்வளவு எளிதில் மறைவர் என்பதை உணர்ந்த தலைமுறை, நாளை வேறெந்த நாட்டில் வேறெந்த மக்கள் துன்புற்றாலும் முதலில் அவர்கள் பெயரைக் கேட்கும். உதவி அங்கிருந்துதான் தொடங்குகிறது.