செத்தவரின் கோட்

1987 ஜனவரிக் குளிரில், கிழக்கு லண்டனில் ஒரு சரிட்டி ஷொப்பில் இரண்டு பவுண் கொடுத்து ஒரு கம்பளிக் கோட் வாங்கினேன். அறையில் இருந்த ஐந்து பேரும் அப்படித்தான் உடுத்தோம். ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'கடையில எடுத்தது' என்போம். அந்தக் கோட்டோடு எடுத்த படம் ஊருக்குப் போனது. அம்மா எழுதினார்: "புதுசே ராசா? அங்கை செத்த சனத்தின்ர உடுப்பு விக்கிறாங்களாம். உதுகளைத் தொட்டுப்போடாதை."

கானாவில் மேற்கிலிருந்து வந்திறங்கும் பழைய உடுப்புக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர்: செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு. அம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது.

லண்டனில் பழந்துணி என்றைக்குமே வந்தேறிகளின் பிழைப்பு. ஹென்றி மேஹ்யூ 1851இல் தெருத்தெருவாகக் கூவிப் பழைய உடுப்பு வாங்கும் யூதர்களைப் பற்றியும், அவர்களோடு போட்டிக்கு வந்த ஐரிஷ்காரர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார். பெற்றிகோட் லேன் சந்தை அந்த வியாபாரத்தில் வளர்ந்ததுதான். உடுக்கவே முடியாத கம்பளிக் கந்தலும் வீண்போகவில்லை. 1813இல் யோக்ஷயரின் பாட்லியில் பெஞ்சமின் லோ அதைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து, மறுபடி நூலாக்கினார். அந்தத் துணியின் பெயர் 'ஷொடி'. இன்று ஆங்கிலத்தில் மட்டமான எதற்கும் அதே பெயர்தான். ஏழையின் துணி வசைச்சொல்லாகிவிட்டது.

அதே லண்டனில் 1852 பெப்ரவரியில் மார்க்ஸ் வெளியே போகமுடியாமல் வீட்டில் கிடந்தார். கோட்டுகள் அடகுக்கடையில். பதினைந்து வருஷம் கழித்து வந்த 'மூலதன'த்தின் முதல் அத்தியாயத்தில் இருபது யார் லினன் ஒரு கோட்டுக்குச் சமம் என்று வருகிறதே, அந்தக் கோட்டையும் அடகுபோன கோட்டையும் சேர்த்து வாசித்துக் காட்டியவர் பீட்டர் ஸ்டாலிபிராஸ் (1998). தோழர்கள் பலர் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் பண்ணினார்கள்.

இருந்தாலும் அம்மாவின் கடிதத்துக்கு மார்க்ஸிடம் பதில் இல்லை. அது மனுவிடம் இருக்கிறது. பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதிக்கும் உடை பிணத்தின் துணி. சூத்திரருக்கு எச்சில் சோற்றோடு பழந்துணி. அம்மா மனுவைப் படித்தவரில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் கிழிந்த சேட்டும் சாறமும் கோடிப்பக்கம்தான் போகும். வேலைக்கு வந்தவர்கள் குனிந்து வாங்குவார்கள். கழுவிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒடுக்கப்பட்ட சாதியார் மேலுடம்பை மூடக்கூடாதென்று தடுத்த யாழ்ப்பாணம், உடுக்கக் கொடுத்தபோதும் தன் பழசைத்தான் கொடுத்தது.

ஆக அம்மா பயந்தது தொற்றுக்கோ பேய்க்கோ அல்ல. மகன் வாங்குகிறவர் பக்கம் போய்விட்டானோ என்றுதான். எனக்கும் அதே பயம்தான். இல்லாவிட்டால் 'கடையில எடுத்தது' என்று ஏன் மழுப்பவேண்டும்? அகதி என்பதால் சாதி கழன்றுவிட்டதென்று அந்த நாட்களில் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கோட் கழன்றது, அது கழரவில்லை.

'புதுசுதான் அம்மா' என்று பதில் எழுதினேன். 2003இல் அவர் செத்தார். பிறகொருநாள் தொலைபேசியில் தங்கச்சியிடம் கேட்டேன், அம்மாவின்ர சீலைகளை என்ன செய்தனீங்கள் என்று.

"வழமைபோலத்தான் அண்ணா, குடுத்தாச்சு" என்றாள். ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.