துடைத்து வைத்த துப்பாக்கி

புலி வேட்டைக் கதை படிக்கிறவர்கள், "புலி எத்தனை அடி நீளம்?" என்றுதான் கேட்கிறார்கள். துப்பாக்கியைத் துடைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நானும் வெகுகாலம் கேட்டதில்லை.

1907-ல் குமாவூன் மலையில், சம்பாவத் என்ற ஊருக்கருகே, 436 பேரைக் கொன்ற பெண்புலியை ஜிம் கார்பெட் தொடர்ந்து போனார். கையில் மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன, புலி சாகவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் அடிக்கட்டுக்கும் நடுவே அரை அங்குலத்துக்குச் சற்றே குறைந்த இடைவெளி! சுட்டால் சாகப் போவது புலியா, சுடுகிறவரா? நல்லவேளை, துப்பாக்கி வெடிக்கவில்லை. புலி விழுந்தது, முன்பு பட்ட குண்டுகளே அதற்கு யமன்.

இதைப் பாராட்டி ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் அவருக்கு ரிக்பி கம்பெனியின் .275 ரைபிளைப் பரிசளித்தார். ஏழெட்டு ராத்தல் எடை. யானைக்கும் புலிக்குமென்று செய்த இரட்டைக் குழல்களோ பத்து ராத்தலைத் தாண்டும். மழையில் வழுக்கும் மலைச் சரிவில் நாளெல்லாம் சுமப்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு: மௌசர் அமைப்பாதலால், கருவி எதுவுமின்றி வெறுங்கையால் போல்ட்டை உருவிவிட்டுக் குழலுக்குள் பார்க்கலாம். ஒரு வாய் மழைநீர் குழலில் தங்கினாலும் சுடும்போது குழலே பிளந்துவிடக்கூடும்.

மழையைவிடக் கொடிய பகை, சுட்ட பிறகு உள்ளே தங்கும் உப்பு. அந்நாளைய தோட்டாக்களின் பற்றுமருந்து எரிந்ததும் ஒரு வகை உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, சில நாட்களில் குழலைத் துரு தின்னச் செய்யும். எண்ணெய் அதைக் கரைக்காது. கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவி, துணியால் ஈரம் போக்கி, அப்புறமே எண்ணெய் இடவேண்டும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். இல்லையேல் மரம் ஈரத்தில் ஊதிக் குழலை நெருக்க, குறி தப்பும்.

1930-ல் சௌகர் என்ற இடத்தில் 64 பேரைக் கொன்ற புலி, சுமார் எட்டடி தூரத்தில் படுத்திருந்தது. கார்பெட்டின் இடது கையில் பறவை முட்டைகள். வலது கையில் இலேசான துப்பாக்கி. ஒற்றைக் கையால் மெள்ளத் திருப்பிச் சுட்டார். கனத்த துப்பாக்கியாயிருந்தால் அது முடிந்திராது என்று பின்னால் அவரே எழுதினார்.

அந்தக் கணத்தின் வீரத்தை உலகம் புகழ்கிறது. எனக்கோ, முந்தின இரவு விளக்கடியில் உட்கார்ந்து துணியால் குழலைத் துடைக்கும் கைகள்தான் கண்முன் நிற்கின்றன.