ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ்: கிங்ஸ்டன் பாட்டும் லண்டன் கணக்கும்

1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் 'டியூக்' ரீட் என்ற முன்னாள் போலீஸ்காரர் சவுண்டு சிஸ்டம் நடத்தினார். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திறந்த வெளியில் அடுக்கி, இசைத்தட்டுப் போட்டு ஊரை ஆடவைக்கும் தொழில் அது. பெட்டிகளை ஏற்றிச்செல்ல அவர் வைத்திருந்தது பிரிட்டனில் செய்த ட்ரோஜன் வண்டி. வண்டியின் பெயரே ஆளுக்கும் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1967இல், அவர் தயாரித்த பாடல்களை லண்டனில் வெளியிட ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒரு லேபிள் தொடங்கியபோது அதற்கும் ட்ரோஜன் என்றே பெயர் வைத்தது.

அந்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1968இல் அதே பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்கள் ஐலண்டின் கிறிஸ் பிளாக்வெல்லும் லீ கோப்தாலும். ஜமைக்காவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த கோப்தால் தொழில்முறைக் கணக்காளர். லண்டன் கில்பர்னில் கேம்பிரிட்ஜ் சாலை 108ஆம் எண் கட்டடம் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் நிலவறையில் சன்னி ராபர்ட்ஸ் என்ற ஜமைக்காக்காரர் பிளானிடோன் ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்தினார். ஐலண்டும் அங்கே குடியேறியது. குடியிருப்பவர்கள் செய்யும் வியாபாரத்தைப் பார்த்துத்தான் கோப்தால் இசைக்குள் வந்தார். ட்ரோஜன் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. அந்த லேபிளின் ஏற்றம், வீழ்ச்சி, பின்னாளைய செல்வாக்கு மூன்றுமே ஒரு கணக்காளர் வகுத்த வேலைமுறையிலிருந்து பிறந்தவை.

அந்த வேலைமுறை இது. ட்ரோஜன் தானாகப் பதிவுசெய்தது குறைவு. கிங்ஸ்டனில் பாடகருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்பிவிடுவதே வழக்கம். பதிவு நாடா தயாரிப்பாளருடையது. அவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்து, முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியீட்டு உரிமத்தை எழுதிக் கொடுப்பார். முக்கியமான தயாரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் ட்ரோஜன் தனித் துணை லேபிளே அமைத்துக் கொடுத்தது: லீ பெரிக்கு 'அப்செட்டர்', ஜோ கிப்ஸுக்கு 'அமால்கமேட்டட்', பன்னி லீக்கு 'ஜாக்பாட்', ஹாரி ஜான்சனுக்கு 'ஹாரி ஜே'. ஒரே அலுவலகத்திலிருந்து டஜன் கணக்கில் லேபிள்கள். வாரந்தோறும் புதுத் தட்டுகள். ஒரே பாடலின் உரிமத்தைத் தயாரிப்பாளர் போட்டி நிறுவனமான பாமாவுக்கும் விற்றுவிடுவது உண்டு. ஜமைக்காவில் அப்போது நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம். சொந்தச் சட்டம் வர 1993 ஆயிற்று. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் தாளில் கையெழுத்துப் போட்டவரே உரிமையாளர்.

வாங்கியவர்கள் யார்? முதலில் கரீபியக் குடியேறிகள். பிறகு தொழிலாளர் குடும்பத்து வெள்ளை இளைஞர்கள், குறிப்பாகத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்ட அக்கால ஸ்கின்ஹெட்கள். வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளாதபோதும் சந்தைக் கடைகளிலும் நடன அரங்குகளிலும் தட்டுகள் விற்றன. பல பாடல்களைத் திரட்டிக் குறைந்த விலைக்குத் தந்த 'டைட்டன் அப்' தொகுப்பு வரிசை, தனித்தனித் தட்டு வாங்கக் காசில்லாத பிள்ளைகளையும் உள்ளே இழுத்தது. 1969இல் அப்செட்டர்ஸின் 'ரிட்டர்ன் ஆஃப் ஜாங்கோ' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வந்தது. 1971இல் டேவ் பார்க்கர், ஆன்செல் காலின்ஸ் இருவரின் 'டபுள் பேரல்' முதலிடம் பிடித்தது. அதில் டிரம் வாசித்தவர் அப்போது பதின்வயதினரான ஸ்லை டன்பர்.

ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸின் 'லிக்விடேட்டர்' பாடலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அதில் பாட்டு வரிகள் கிடையாது. வின்ஸ்டன் ரைட்டின் ஆர்கன் மேலே துள்ளி ஓட, கீழே பேஸ் கிட்டார் சில சுரங்களையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு நிற்கும். 1969இல் 9ஆம் இடம் வந்த இந்தத் தட்டு, செல்சி போன்ற கால்பந்துக் குழுக்களின் மைதானங்களில் ஆட்டத்துக்கு முன் ஒலிக்கும் இசையாகவே ஆகிவிட்டது. 1972இல் அமெரிக்காவில் ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவின் 'ஐ'ல் டேக் யூ தேர்' முதலிடம் பெற்றது. அதன் தொடக்க இசை 'லிக்விடேட்டர்' தொடக்கமேதான். தட்டில் எழுதியவராக இருந்த பெயரோ ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஆல் பெல்லுடையது. கிங்ஸ்டனில் வாசித்தவர்களின் பெயர் 'லிக்விடேட்டர்' தட்டிலேயே இல்லை. அடுத்தவர் தட்டில் எப்படி இருக்கும்?

பெரிய சந்தையைப் பிடிக்க ட்ரோஜன் இன்னொன்றும் செய்தது: கிங்ஸ்டன் நாடாவின் மேல் லண்டனில் வயலின் கோவையைச் சேர்த்தது. பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்ஸும் பாடிய 'யங், கிஃப்டட் அண்ட் பிளாக்' அப்படித்தான் 1970இல் 5ஆம் இடம் ஏறியது. ஜமைக்கப் பதிப்பையும் லண்டன் பதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால், வயலின்கள் தாளத்தின் இடைவெளிகளை நிரப்பிவிடுவது தெரியும். ரெக்கே என்ற இந்த ஜமைக்க இசையின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நினைக்கும் எனக்கு இது இழப்பாகவே படுகிறது. ஆனாலும், கறுப்பினத்தவரின் தன்மதிப்பைப் பாடும் ஒரு பாட்டை அந்த வயலின்கள்தான் பிரிட்டிஷ் வீடுகளின் கூடத்துக்குள் கொண்டுபோயின என்பதையும் மறுக்க முடியாது.

1972இல் ஐலண்ட் விலகியது. 1974இல் கென் பூத்தின் 'எவரிதிங் ஐ ஓன்' முதலிடம் பெற்றும் நிறுவனத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 1975இல் கடன் மூழ்கடித்தது. சாகா நிறுவனத்தின் மார்சல் ராட் பாடல் உரிமைகளை வாங்கினார். பழைய ராயல்டி பாக்கிக்காகக் காத்திருந்த கலைஞர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

விந்தை என்னவென்றால், நிறுவனம் விழுந்த பிறகுதான் அதன் செல்வாக்கு விரிந்தது. மலிவுத் தொகுப்புகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் 1979 வாக்கில் ஸ்பெஷல்ஸ், மேட்னஸ் எனக் குழுக்களாக மேடையேறினார்கள். பர்மிங்ஹாமின் யூபி40 குழு 1983இல் 'ரெட் ரெட் வைன்' பாடி முதலிடம் பெற்றது. அவர்கள் கேட்டு வளர்ந்தது 1969இல் ட்ரோஜன் வெளியிட்ட டோனி டிரைபின் பதிப்பை. லேபிளில் 'என். டயமண்ட்' என்றிருந்ததைப் பார்த்து யாரோ ஜமைக்காக்காரர் என்றே நினைத்திருந்ததாகவும், அது அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட் என்று தெரியாது என்றும் அவர்கள் பின்னர் சொன்னார்கள். ஒரு தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம் எவ்வளவு குறைவாகச் சொன்னது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1985இல் காலின் நியூமன் ட்ரோஜனை வாங்கிய பின் மறுவெளியீடுகள் முறையாக வரத் தொடங்கின. 1990களின் இறுதியில் 3 குறுந்தகடுகளில் 50 பாடல்கள் கொண்ட பெட்டித் தொகுப்புகள் வந்தன. மறுவெளியீடுகளோடு வந்த விரிவான குறிப்புகள்தான் பல வாத்தியக்காரர்களின் பெயரை முதல்முறையாக வாங்குகிறவர் கண்ணில் காட்டின. 2001இல் சாங்சுவரி குழுமம் 1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து ட்ரோஜனை வாங்கியது. 2013இல் அது ஜெர்மானிய நிறுவனமான பிஎம்ஜி கைக்குப் போனது. 1997இல் இறந்த கோப்தால் இந்தத் தொகைகளைப் பார்க்கவில்லை. கிங்ஸ்டன் கூடத்தில் ஆர்கனுக்கும் டிரம்முக்கும் கையில் கொடுத்த அந்தக் காசோ, பெரும்பாலும் அன்றே செலவாகியிருக்கும்.