பழவேற்காட்டு வாசலும் ஒரு படி நொய்யும்

சம்பா கதிர் பழுத்து நிக்குது. வயல்ல தண்ணிய வடிச்சு விட்டாச்சு. அறுப்பு மிஷின் வர்ற வரைக்கும் ராத்திரியில கொஞ்சம் எழுத நேரம் கிடைக்குது.

போன வாரம் சென்னையிலிருந்து என் பொண்ணு வந்திருந்தா. கையில ஒரு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் வட்டம், வட்டத்துக்குள்ள இதழ், இதழுக்குள்ள இன்னொரு வட்டம்.

"மண்டலாப்பா. ஆபீஸ்ல டென்ஷன் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போறேன். வரைஞ்சா மனசு அடங்குது. வரைஞ்சதைப் பாத்து நம்ம மனசுல என்ன ஓடுதுன்னும் சொல்றாங்க" என்றாள்.

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி, "இதுக்குக் காசு குடுத்தியாடி? மார்கழியில வாசலுக்கு வாடின்னா எழுந்திருக்க மாட்ட" என்று சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் பழவேற்காட்டு மீன்கார அக்கா ஞாபகம் வந்தது. அந்த அக்கா கதையைச் சொல்றதுக்கு முன்னாடி, இந்த மண்டலா எங்கிருந்து வந்ததுன்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன்.

மண்டலம் என்றால் வட்டம். திபெத்து பிக்குகள் நாள்கணக்கா உட்கார்ந்து கலர் மணலால் மண்டலம் போடுவாங்க. முடிஞ்சதும் கூட்டி எடுத்து ஆத்துல கரைச்சிடுவாங்க. மனசைத் தெரிஞ்சுக்க இதை வரையலாம் என்று மேல்நாட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ல் யுங் என்கிற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர். 1916ல் முதல் மண்டலம் வரைஞ்சார். முதல் உலகப்போர் முடியற சமயத்தில், 1918-19ல், ஒரு மலையூரில் ஆங்கிலேயப் போர்வீரர்கள் தங்க வைக்கப்பட்டிருந்த முகாமுக்கு அவர் பொறுப்பாளர். அங்கே தினமும் காலையில் நோட்டில் ஒரு சின்ன வட்டம் வரைவார். ஒருநாள் எரிச்சல் மூட்டுகிற மாதிரி ஒரு கடிதம் வந்ததாம். மறுநாள் போட்ட வட்டத்தில் ஒரு பக்கம் உடைஞ்சு போய் ஒழுங்கே இல்லாம வந்திருக்கு. அன்னைக்கு மனசு எப்படி இருக்கோ அப்படித்தான் வட்டமும் வருது என்று அவர் புரிஞ்சுக்கிட்டார்.

படிச்சதும் எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான். எதிர் வீட்டு வாசலைப் பாத்துட்டு, "இழை கோணிக்கிட்டுப் போவுது பாரு. ராத்திரி வீட்டுல ஏதோ சண்டை" என்பாங்க. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.

2005ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வந்தது. 84 கல்லூரிப் பிள்ளைகளை முதலில் கொஞ்சம் பதட்டப்பட வச்சுட்டு, சிலருக்கு மண்டலப் படம், சிலருக்குக் கட்டம் போட்ட படம், சிலருக்கு வெறும் தாள் கொடுத்து கலர் அடிக்கச் சொன்னாங்க. மண்டலம் கிடைச்சவங்களுக்குப் பதட்டம் நல்லா குறைஞ்சது. கட்டம் கிடைச்சவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சது. வெறும் தாளில்தான் அவ்வளவு பலன் இல்லை. வட்டத்துக்குள்ள ஏதோ மந்திரம் இருக்குன்னு நினைக்க வேண்டாம். ஒரு ஒழுங்கு இருந்து, அதுக்குள்ள கை ஓடணும். மனசு கை பின்னாடியே போயிடுது.

கட்டம் என்றதும் எங்க பக்கத்து ஆளுக்குப் பழவேற்காடுதான் நினைவுக்கு வரும். கட்டம் போட்ட கைலியும் கைக்குட்டையும் இந்த ஊர்ப் பேரிலேயே கடல் தாண்டிப் போச்சு. அந்தத் துணி வியாபாரத்துக்குத்தான் டச்சுக்காரங்க இங்கே வந்தாங்க. 1613ல் கெல்ட்ரியா என்கிற கோட்டையைக் கட்டினாங்க. 1690ல் நாகப்பட்டினத்துக்குப் போற வரைக்கும் சோழமண்டலக் கரையில் அவங்களுக்கு இதுதான் தலைமை இடம். 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இப்போ கோட்டை இல்லை, புதர்தான் இருக்கு. கல்லறைகள் இருக்கு. அந்த வாசலில் ரெண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடு நிக்குது. உள்ளே போனா கல்லில் பேர், வருஷம், குடும்பச் சின்னம் எல்லாம் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்த வெள்ளைக்காரர் பேர் நமக்குத் தெரியுது. அதே காலத்துல அதே ஊர்ல தினம் விடியக்காலை எழுந்து வாசல் தெளிச்ச பொம்பளைங்க ஒருத்தர் பேரும் தெரியாது. அவங்க எழுதினது எல்லாம் மத்தியானத்துக்குள்ள கால் பட்டு, காத்து அடிச்சு, எறும்பு தின்னு போயிடுச்சு.

ஆனா வாசலில் வரையற இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஆண்டாள் நாச்சியார் திருமொழி முதல் பாட்டில், தை மாசம் தரையைத் துலக்கி மண்டலம் இடுவதையும், நுண்ணிய மணலால் தெருவை அலங்கரிப்பதையும் பாடியிருக்காங்க. கவனிங்க, 'மண்டலம்' என்ற அதே சொல். அதுவும் சும்மா அழகுக்குப் போட்டது இல்லை. மனசுல இருக்கிற ஒரு ஆசையை, ஒரு தவிப்பைத் தரையில போட்டு வச்சு வேண்டிக்கிறாங்க. என் பொண்ணு நோட்டில் இருக்கிற வார்த்தை வெளிநாட்டிலிருந்து வந்தது இல்லை. போயிட்டுத் திரும்பி வந்திருக்கு.

இப்போ அக்கா கதைக்கு வர்றேன்.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கு. அதுல வரிசையா மீனவக் குப்பங்கள். அங்கேயிருந்துதான் அக்கா எங்க ஊருக்கு மீன் கூடை தூக்கிக்கிட்டு வருவாங்க. கெளுத்தி, மடவை, எறா, நண்டு. அறுப்புக் காலத்துல காசு கிடையாது. களத்து மேட்டுல மீனைக் கொடுத்துட்டு நெல்லு வாங்கிட்டுப் போவாங்க. மார்கழி பொறந்தா மட்டும் தனியா ஒரு படி நொய் கேட்பாங்க. "மண்ணுத் தரையில கல்லு மாவு எடுக்காது தம்பி. நொய்ய ஊறவச்சு இடிச்சாத்தான் இழை நிக்கும்" என்பாங்க. என் வயல் நெல்லு சோத்துக்கு மட்டும் இல்ல, கடலோரத்து வாசலுக்கும் போகுதேன்னு எனக்கு ஒரு சந்தோஷம்.

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனா பதினஞ்சு புள்ளி வச்சு ஊடுபுள்ளியில எட்டு வரைக்கும் இறக்கி, ஒரே இழையில சிக்குக்கோலம் போட்டு, ஆரம்பிச்ச இடத்துலயே கொண்டு வந்து முடிப்பாங்க. இந்தக் கணக்கைத்தான் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் எடுத்து, 1974ல் கணினி சம்பந்தப்பட்ட ஒரு ஆராய்ச்சியாகவே வெளியிட்டாங்க. படங்களுக்கும் ஒரு இலக்கணம் உண்டு என்று கோலத்தை வச்சுக் காட்டினாங்க.

2004 டிசம்பர் 26. மார்கழி, ஞாயித்துக்கிழமை, பௌர்ணமி. குப்பத்துல வாசல் எல்லாம் கோலம் போட்டு நாலு மணி நேரம்கூட ஆகலை. கடல் உள்ளே வந்துடுச்சு. கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த அக்காவோட மூத்த மகன் திரும்பி வரலை.

அந்தப் பொங்கலுக்கு நொய் கேட்டு யாரும் வரலை. நான் ஒரு படி எடுத்து வச்சிருந்தேன். அது அப்படியே வண்டு விழுந்து போச்சு. சாவு விழுந்த வீட்டுல கோலம் போடமாட்டாங்க. கருமாதி வரைக்கும் சில வீட்டுல, வருஷம் திரும்பற வரைக்கும் சில வீட்டுல. வெறும் வாசலைப் பாத்தா தெருவுல போறவங்க குரலைத் தணிச்சுக்குவாங்க. யாரும் போய் "என்ன ஆச்சு"ன்னு கேட்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு எழுத்துதான்.

அடுத்த வருஷம் மார்கழி கடைசியில அக்கா வந்தாங்க. கூடையில மீன் கொஞ்சம்தான். "தம்பி, அரைப்படி நொய் குடு" என்றாங்க. நான் ஒரு படி அளந்தேன். "அரைப்படி போதும்" என்று பாதியைத் திருப்பிக் கொட்டிட்டாங்க. நான் ஒண்ணும் கேட்கலை. அவங்களாத்தான் சொன்னாங்க.

"வருசம் திரும்பிச்சுன்னு எல்லாரும் கோலம் போடச் சொன்னாங்க. காலையில எழுந்து தண்ணி தெளிச்சேன். புள்ளி வச்சேன். அத்தோட சரி. இழை இழுக்கக் கை வரல தம்பி. அப்படியே உள்ள போய்ட்டேன். நாலஞ்சு நாளு வெறும் புள்ளிதான் வாசல்ல கெடந்துச்சு. அப்பால ஒரு நாளு கதவத் தொறந்து பாக்கறேன், புள்ளி எல்லாத்துக்கும் இழை ஓடியிருக்கு. எதிர்வூட்டுக்காரி போட்டுக்கினு இருக்கா. எனக்கும் அவளுக்கும் தண்ணிக் குழாய்ல சண்டை, ரெண்டு வருசமா பேச்சு இல்ல. தலையத் தூக்கிப் பாக்கல அவ. முடிச்சிட்டு மாவுக் கிண்ணத்த என் படியில வச்சிட்டுப் போய்ட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பத்துப் பதினஞ்சு நாளு புள்ளி என்னுது, இழை அவளுது. ஒரு நாளு நானே இழுத்துட்டேன். கோணலாத்தான் வந்துச்சு."

இவ்வளவுதான் கதை. அந்த அரைப்படி கணக்கு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. மீதி மாவு எதிர் வீட்டுலேர்ந்து வருதுன்னு அர்த்தம்.

கொஞ்ச வருஷம் முன்னாடி ஜான் லேயார்டு என்ற ஆங்கிலேய மானிடவியலாளரைப் பத்திப் படிச்சேன். பசிபிக் கடலில் மலேகுலா என்று ஒரு தீவு. 1914-15ல் அங்கே போய்த் தங்கினவர். பின்னாளில் அதே யுங்கிடம் போய்த் தன் மனசைக் காட்டினவர். அந்தத் தீவுக்காரங்களும் மணலில் விரலால், ஒரே இழையில் நம்ம சிக்குக்கோலம் மாதிரியே வரைவாங்க. அவங்ககிட்ட ஒரு நம்பிக்கை இருக்கு. செத்தவன் ஆவி மறுவுலகம் போற வழியில் ஒரு பேய் காவல் இருக்கும். மணலில் ஒரு படம் போட்டு வச்சிருக்கும். ஆவி கிட்டே வந்ததும் பாதியை அழிச்சிடும். மீதியைச் சரியாப் போட்டு முடிச்சாத்தான் வழி. தெரியாதவனைப் பேய் தின்னுடும். 1937ல் லேயார்டு தென்னிந்தியக் கோலங்களையும் பச்சை குத்துற படங்களையும் வச்சு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மலேகுலா மணலும் நம்ம வாசலும் அவருக்கு ஒண்ணா சேர்ந்து தெரிஞ்சிருக்கு.

அவர் சொன்னதெல்லாம் சரின்னு நான் வாதாட வரலை. ஆனா பாதிக் கோலத்தை முடிக்கணும் என்று படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்தத் தீவுல செத்தவன் தனியா நின்னு முடிக்கணும். எங்க பழவேற்காட்டுல உசிரோட இருக்கிறவளுக்கு எதிர்வீட்டுக்காரி வந்து முடிச்சுக் கொடுத்தா.

என் பொண்ணுகிட்ட நான் சொன்னது இதைத்தான். நீ நோட்டுல வரையறது தப்பே இல்ல. யுங் வரைஞ்ச மாதிரி உன் மனசை நீயே பாத்துக்கிறே, நல்லதுதான். ஆனா நோட்டை மூடினா உன் வட்டம் உனக்கு மட்டும்தான். வாசல்ல போட்டது தெருவுக்கே தெரியும். உனக்கு முடியலைன்னா அதுவும் தெரியும். தெரிஞ்சாத்தான் யாராவது வருவாங்க. மருந்து கோலத்துல பாதி, தெருவுல பாதி. மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போகணும், கோலமோ மண்டலாவோ அதுக்கு ஈடு இல்ல. ஆனா டாக்டர்கிட்ட போகணும்னு சொல்றதுக்காவது ஒரு எதிர்வீடு வேணும்.

"எங்க அப்பார்ட்மென்ட்ல எல்லா வாசல்லயும் ஸ்டிக்கர் கோலம்ப்பா" என்றாள். ஸ்டிக்கர் என்னைக்கும் கோணாது. அதான் அதுல சங்கடம்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு டப்பாவுல நொய் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிருக்கா. போடுவாளோ, கஞ்சி காய்ச்சுவாளோ தெரியாது. அக்காவுக்கு வயசாயிடுச்சு, இப்போ மருமகள்தான் கூடை தூக்கிட்டு வருது. இந்த வருஷம் அது ஒரு படியாவே கேட்டுச்சு. அளந்து கொடுத்தேன்.

மிஷின்காரர் திங்கட்கிழமை வர்றதாச் சொல்லியிருக்கார். மழை வராம இருக்கணும். அறுப்பு முடிச்சுட்டு எழுதறேன்.